சகோதரிகள் ஏன் போராட்டக் களத்தில் நிற்கிறார்கள்?

கேள்வி இது: கத்தோலிக்கச் சகோதரிகள் பள்ளியும் மருத்துவமனையும் நடத்துவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நில உரிமை, ஆள்கடத்தல் தடுப்பு, மரண தண்டனை எதிர்ப்பு என்றெல்லாம் ஏன் இறங்குகிறார்கள்? இது விசுவாசத்தில் சேருமா, அதைவிட்டு விலகிய வேலையா? நடைமுறையில் இதை எப்படிச் செய்கிறார்கள்?

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். ஏழைகளோடு ஒரே இடத்தில் நீண்ட காலம் தங்குகிறவர்களுக்கு, இவர்கள் ஏன் ஏழைகளாகவே இருக்கிறார்கள் என்ற கேள்வியிலிருந்து தப்ப முடியாது. சகோதரிகள் கடவுளுக்குக் கொடுக்கும் மூன்று வார்த்தைப்பாடுகளும், அதாவது ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற உறுதிமொழிகளும், அப்படித் தங்குவதற்குத்தான் வழி செய்கின்றன. மற்றவை இதிலிருந்து பிறப்பவை.

கன்னியர் என்ற ஒரே சொல்லால் இரண்டு வகையினரைக் குறிப்பிட்டுவிடுகிறோம். கார்மேல் மடம், கிளாரா மடம் போன்றவற்றில் இருப்பவர்கள் அடைப்புக்குள், அதாவது மடத்தைவிட்டு வெளியே வராமல், வாழ்கிறார்கள். செபமே அவர்களுடைய பணி. பள்ளியிலும் ஆஸ்பத்திரியிலும் தெருவிலும் நாம் பார்க்கும் சிஸ்டர்கள் வேறு. செபமும் வெளிப்பணியும் சேர்ந்ததே அவர்களுடைய அழைத்தல். உலகம் முழுவதும் துறவறப் பெண்கள் இன்று ஏறத்தாழ 6 லட்சம் பேர். 1970-ல் 10 லட்சம் பேர் இருந்தார்கள். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எண்ணிக்கை சரிய, ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் கூடி வருகிறது.

இந்த இரண்டாவது வகை எளிதில் வந்துவிடவில்லை. 1298-ல் திருத்தந்தை எட்டாம் போனிபாஸ், துறவறப் பெண்கள் எல்லோரும் அடைப்புக்குள்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். 1566-ல் ஐந்தாம் பயஸ் அதை இன்னும் இறுக்கினார். 1609-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த மேரி வார்ட், சேசு சபையினரைப் போல அடைப்பு இல்லாமல், தங்களுக்குள்ளேயே ஒரு பெண்ணைத் தலைவியாகக் கொண்டு பணியாற்றும் சபையைத் தொடங்கினார். 1631-ல் அந்தச் சபை கலைக்கப்பட்டது. மேரி வார்டையே முனிச் நகரில் ஒரு மடத்தில் அடைத்து வைத்தார்கள். இரண்டே ஆண்டு கழித்து, 1633-ல், பாரிஸில் வின்சென்ட் தே பவுலும் லூயிஸ் தே மரிலாக்கும் வேறு வழி கண்டுபிடித்தார்கள். தங்கள் பெண்களைத் துறவியர் என்று அழைக்கவே இல்லை. வாழ்நாள் வார்த்தைப்பாடு கிடையாது. ஆண்டுக்கொரு முறை புதுப்பித்துக்கொள்ளும் வார்த்தைப்பாடு மட்டும். சட்டத்தின் பார்வையில் துறவியர் இல்லை என்றால் அடைப்பும் இல்லை. நோயாளிகளின் வீடுதான் உங்கள் மடம், வாடகை அறைதான் உங்கள் சிற்றறை, பங்குக் கோவில்தான் உங்கள் சிற்றாலயம், நகரத்துத் தெருக்கள்தான் உங்கள் அடைப்பு என்று வின்சென்ட் அவர்களுக்குச் சொன்னார். இப்படிப்பட்ட சபைகளும் முழுமையான துறவற சபைகளே என்று திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ ஏற்றுக்கொண்டது 1900 டிசம்பர் 8-ல்தான்.

அன்னா டெங்கலின் வரலாறும் இதே போன்றது. ஆஸ்திரிய நாட்டு மருத்துவரான இவர் 1920-ல் ராவல்பிண்டிக்குப் போனார். ஆண் மருத்துவரிடம் காட்டிக்கொள்ள முடியாத பெண்கள் பிரசவத்தில் இறந்துகொண்டிருந்தார்கள். பெண் மருத்துவர்கள் வேண்டும். அவர்கள் வருடக்கணக்கில் தங்க வேண்டும். தங்கக்கூடியவர்கள் சகோதரிகள்தான். ஆனால் துறவியர் மருத்துவம், குறிப்பாக மகப்பேறு மருத்துவம், பார்க்கத் திருச்சபையில் தடை இருந்தது. 1925-ல் அவர் நான்கு பேராக ஒரு குழுவைத் தொடங்கி, பொது வார்த்தைப்பாடு எதுவும் இல்லாமல் பதினோரு ஆண்டு நடத்தினார். 1936 பிப்ரவரியில் உரோமை தடையை நீக்கியது. அதன்பிறகே அவர்கள் முறைப்படி துறவற சபையானார்கள். நோயாளியின் தேவை முதலில் நின்றது. சட்டம் பின்னால் வந்து சேர்ந்தது. சகோதரிகளின் வரலாற்றில் பெரும்பாலும் இந்த வரிசைதான்.

விசுவாசத்தில் சேருமா என்ற கேள்விக்குத் திருச்சபையின் எழுத்திலேயே பதில் இருக்கிறது. 1965 அக்டோபர் 28-ல், உலகெங்குமுள்ள ஆயர்கள் (பிஷப்புகள்) கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், ஒவ்வொரு துறவற சபையும் தன் நிறுவுநரின் தொடக்க உணர்வுக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. சபைகள் தங்கள் பழைய கடிதங்களையும் பதிவேடுகளையும் திறந்து படித்தன. படித்தவர்களில் பலருக்கு அதிர்ச்சி. வசதியானவர்களின் பிள்ளைகளுக்குப் பெயர்பெற்ற பள்ளிகளை நடத்திக்கொண்டிருந்தவர்களின் நிறுவுநர்கள் அதற்காகச் சபை தொடங்கியிருக்கவில்லை. பிரெசன்டேஷன் சபையின் நானோ நாகிள், கத்தோலிக்கர் பள்ளி நடத்துவதே குற்றமாக இருந்த 18-ஆம் நூற்றாண்டு அயர்லாந்தில், கார்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இரகசியமாகப் பள்ளி நடத்தியவர். மெர்சி சபையின் கேத்தரின் மெக்காலி, தமக்குக் கிடைத்த பரம்பரைச் சொத்தைக் கொண்டு 1827-ல் டப்ளினில் ஏழைப் பெண்களுக்கு இல்லம் திறந்தார். அதுவும் பணக்காரர்கள் குடியிருந்த பகுதியில். 1971-ல் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றம், நீதிக்காகச் செயல்படுவது நற்செய்தி அறிவிப்பின் உள்ளார்ந்த கூறு என்று எழுதி வைத்தது. விருப்பமுள்ளவர் செய்துகொள்ளலாம் என்ற இடத்தில் அதை வைக்கவில்லை.

இதில் எல்லோரும் ஒரே கருத்தில் இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. அமெரிக்கச் சகோதரிகளின் தலைவியர் பேரவை மீது வத்திக்கான் 2012-ல் மேற்பார்வை நடவடிக்கை எடுத்தது. சமூக நீதியில் காட்டும் அக்கறையை வேறு சில போதனைகளில் காட்டவில்லை என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. 2015 ஏப்ரலில் அது உடன்பாட்டில் முடிந்தது. அந்த நெருக்கடியில் அந்தத் தலைவியர் பேச்சுவார்த்தையை முறிக்கவும் இல்லை, பணியை நிறுத்தவும் இல்லை. கீழ்ப்படிதல் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் சமீபத்தில் இல்லை என்பது என் கருத்து.

இனி வார்த்தைப்பாடுகள். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் மூன்றையும் தியாகங்களாக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். இவை வேலைக்கான கருவிகளும்கூட.

ஏழ்மையை எடுத்துக்கொள்வோம். திருச்சபைச் சட்டம் 668-ன்படி, ஒரு சகோதரி உழைத்துப் பெறும் சம்பளம், ஓய்வூதியம், மானியம் எல்லாம் சபைக்கே சேரும். நான்கு பேர் இருக்கும் ஓர் இல்லத்தில் ஒருவர் செவிலியராகவோ ஆசிரியையாகவோ சம்பளம் வாங்குவார். அந்தப் பணம் பொதுப் பெட்டிக்கு வரும். அதில் நால்வரும் சாப்பிடுவார்கள். ஆகவே மற்ற மூவரும் யாரும் சம்பளம் தராத வேலையைச் செய்யலாம்: சிறைச்சாலைக்குப் போகலாம், குப்பை பொறுக்கும் பெண்களோடு உட்காரலாம், நீதிமன்ற வராந்தாவில் நாள் முழுக்கக் காத்திருக்கலாம். இந்த எளிய கணக்குதான் முழு இயந்திரத்தையும் ஓட்டுகிறது. இல்லத்தில் ஒரு நோட்டு இருக்கும்: தேதி, யார், எதற்கு, எவ்வளவு. பேருந்துக் கட்டணம்கூட அதில் ஏறும். மாதக் கடைசியில் இல்லப் பொருளாளர் கூட்டிப் பார்த்து, மாநிலப் பொருளாளருக்குக் கணக்கு அனுப்புவார் (மாநிலம் என்பது இங்கே பல இல்லங்கள் சேர்ந்த சபையின் நிர்வாகப் பிரிவு). வயதான சகோதரிகளின் மருத்துவத்துக்கும் புதியவர்களின் பயிற்சிக்கும் ஒரு பங்கு அதிலிருந்தே போகும்.

இந்தக் கணக்கு உடைவதும் உண்டு. சம்பளம் வாங்கும் சகோதரி ஓய்வு பெற்று, அந்த இடத்துக்கு வேறு ஆள் இல்லை என்றால், ஊதியமில்லாத பணிகள் ஓரிரு ஆண்டில் நின்றுவிடும். இதைத் தவிர்க்கச் சில சபைகள் பெரிய நிறுவனங்களின் வருமானத்தில் ஒரு பகுதியைச் சிறிய இல்லங்களுக்கென்று ஒதுக்குகின்றன. ஏழ்மை வேறு விதமாகவும் உடையும். தனி ஆளிடம் காசு இல்லை, ஆனால் சபைக்குப் பெரிய வளாகம், உயரமான மதில், வாசலில் காவலாளி. உதவி கேட்டு வரும் பெண் கேட்டுக்கு வெளியே அரை மணி நேரம் நிற்கிறாள் என்றால், உள்ளே இருப்பவர்கள் எத்தனை எளிமையாக வாழ்ந்தாலும் அவளுக்கு அது பணக்கார வீடுதான்.

கற்பு வார்த்தைப்பாட்டின் நடைமுறைப் பயன், ஆபத்து வரும்போது தெரியும். மிரட்டல் வந்தால், பிள்ளைகள் இருக்கிறார்களே என்று ஊரைவிட்டுப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. கீழ்ப்படிதலின் பயன், யாரும் போக விரும்பாத இடத்துக்கு ஆள் கிடைப்பது. ஆனால் இதே கீழ்ப்படிதல்தான் பணியைக் குலைக்கவும் செய்கிறது. ஒரு பகுதியின் மொழியும் மனிதர்களும் பழக மூன்று ஆண்டு ஆகும். பழகி முடித்ததும் இடமாற்றக் கடிதம் வரும். நல்ல மாநிலத் தலைவி மூன்று காரியம் செய்வார்: ஒரே இல்லத்தில் எல்லோரையும் ஒரே ஆண்டில் மாற்ற மாட்டார், புதியவரும் பழையவரும் சில மாதம் சேர்ந்திருக்க விடுவார், பொறுப்புகள் சகோதரியின் தலையில் மட்டும் இல்லாமல் உள்ளூர்க் குழுவிடமும் இருக்கின்றனவா என்று பார்ப்பார்.

பயிற்சிக் காலம் பலர் நினைப்பதைவிட நீளமானது. நவதுறவகம் என்பது முதல் வார்த்தைப்பாட்டுக்கு முந்தைய பயிற்சி. அதற்கும் முந்தைய நிலை சபைக்குச் சபை மாறும். நவதுறவகம் குறைந்தது 12 மாதம். அதில் சேரக் குறைந்த வயது 17. பிறகு தற்காலிக வார்த்தைப்பாடு 3 முதல் 6 ஆண்டு வரை. தேவைப்பட்டால் 9 ஆண்டு வரை நீட்டலாம். 21 வயதுக்கு முன் நித்திய (வாழ்நாள்) வார்த்தைப்பாடு கிடையாது. இடையில் செவிலியர் படிப்பு, சட்டம், சமூகப் பணி என்று எதையாவது படிக்க அனுப்புவார்கள். சட்டம் படித்த சகோதரிகள் இன்னும் நிறைய வேண்டும். மனு எழுதவும் ஆவணம் படிக்கவும் தெரியாத நல்ல மனம், எதிரில் வக்கீல் வைத்திருப்பவனிடம் தோற்றுப்போகும்.

புதிய இடத்தில் இல்லம் திறப்பதற்கும் முறை இருக்கிறது. மறைமாவட்ட ஆயரின் எழுத்துபூர்வமான சம்மதம் முன்கூட்டியே வேண்டும். ஆயர் ஒரு பணியைச் சபையிடம் ஒப்படைத்தால், என்ன வேலை, யார் செய்வது, பணம் எங்கிருந்து என்று எழுதி ஒப்பந்தம் போட வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 681. இதைச் செய்யாமல் வாய்ச்சொல்லில் தொடங்கும் இல்லங்களில் இரண்டு மூன்று ஆண்டில் பிரச்சினை வரும்: கட்டடம் யாருடையது, பங்குத்தந்தையின் வீட்டு வேலை சகோதரிகளின் வேலையா, மாதப் படி எவ்வளவு. இந்தக் கடைசி இரண்டும் சின்ன விஷயங்கள் இல்லை. குருக்களுக்கும் ஆயர்களுக்கும் சமைத்தும் துவைத்தும் ஊதியமோ ஒப்பந்தமோ இல்லாமல் உழைக்கும் சகோதரிகளைப் பற்றி வத்திக்கானின் சொந்த மாத இதழே 2018 மார்ச்சில் எழுதியது. அதே ஆண்டு நவம்பரில் உலகச் சபைத் தலைவியர் ஒன்றியம், பாலியல் வன்முறைக்கு ஆளான சகோதரிகள் மௌனம் காக்காமல் சபைத் தலைவியிடமும் திருச்சபை, அரசு அதிகாரிகளிடமும் புகார் செய்ய வேண்டும் என்று அறிக்கை விட்டது. வெளியே நீதி கேட்கும் சபை, தன் சகோதரிகளுக்கு நீதி கிடைக்கிறதா என்றும் கேட்கத்தான் வேண்டும்.

முதல் ஆண்டில் கட்டடம் கட்டக் கூடாது. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்கொடையாளர்களுக்குக் கட்டடம் பிடிக்கும். மூன்று பேர், வாடகை வீடு, மக்கள் குடியிருக்கும் அதே வரிசையில். தினமும் இரண்டு மணி நேரம் வீடு சந்திப்பு. ஒரு நோட்டில் வீடு வாரியாக எழுதுவது: வீட்டில் யார் யார், எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை, யாருக்கு என்ன நோய், கடன் யாரிடம், வட்டி என்ன, நிலத்துக்குப் பத்திரம் இருக்கிறதா, அடையாள அட்டை இருக்கிறதா. எழுதியதை அவர்களிடமே திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும். எழுதிக்கொண்டு போய்விட்டு எதுவும் செய்யாதவர்களை மக்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். இந்தக் கட்டத்தில் எதையும் வாக்களிக்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது.

உதவிக்கும் திருமுழுக்குக்கும் (ஞானஸ்நானத்துக்கும்) எந்த முடிச்சும் இருக்கக் கூடாது. சமய சுதந்திரம் பற்றி 1965-ல் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கையே, ஏழைகளிடமும் படிக்காதவர்களிடமும் வற்புறுத்தலின் சாயல் உள்ள எந்த அணுகுமுறையும் தவறு என்கிறது. இதில் ஒரு முறை சறுக்கினாலும் அந்தப் பகுதியில் பத்து ஆண்டு நம்பிக்கை போய்விடும்.

சேவை நீதியாக மாறும் கணம் இந்த நோட்டில்தான் வரும். ஒரு குழந்தை வயிற்றுப்போக்கோடு சிகிச்சைக்கு வருகிறது. மருந்து கொடுத்து அனுப்புகிறார்கள். இரண்டு மாதம் கழித்து அதே குழந்தை. மூன்றாம் முறை வரும்போது சகோதரி நோட்டைப் புரட்டுகிறார். அந்தத் தெருவிலேயே இன்னும் ஒன்பது வீட்டில் அதே நோய். எல்லோரும் ஒரே கிணற்றில் எடுக்கிறார்கள். குழாய்க்கு விண்ணப்பித்தால், குடியிருப்பு பதிவில் இல்லை என்று பதில். ஏன் பதிவில் இல்லை? நிலம் இன்னொருவர் பெயரில். இந்த நான்கு கேள்விக்குள் மருந்துச் சீட்டு நில வழக்காகிவிட்டது. சகோதரி எந்த இடத்திலும் அரசியலைத் தேடிப் போகவில்லை; குழந்தையின் பின்னால் போனார். பார்த்தல், சீர்தூக்குதல், செயல்படுதல் என்று திருச்சபை சொல்லும் முறை இதுதான். கார்டைன் அடிகள் இளம் தொழிலாளர்களிடையே வளர்த்த இந்த வழியைத் திருத்தந்தை 23-ஆம் யோவான் 1961-ல் தம் சுற்றுமடலில் பரிந்துரைத்தார். பெரும்பாலான தவறு நடுப்படியில் நடக்கும்: பார்த்ததும் செயலுக்குத் தாவுவது. சீர்தூக்குவது என்றால் மக்களோடு உட்கார்ந்து, விவிலியத்தை வைத்துக்கொண்டு, இதற்கு யார் பொறுப்பு, யாருக்கு இதில் லாபம் என்று பேசுவது. அது வாரக்கணக்கில் இழுக்கும், இழுக்கட்டும்.

கந்துவட்டிக்குப் பதில் சேமிப்புக் குழு தொடங்குவது பல இடங்களில் முதல் செயல். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. பெட்டிக்கு மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூன்று வெவ்வேறு பெண்களிடம். பெட்டி நான்காம் ஆளிடம். பணத்தை எல்லோர் முன்னாலும் சத்தமாக எண்ண வேண்டும். சகோதரியிடம் சாவி இருக்கக் கூடாது. அவரிடம் சாவி இருந்தால் அது அவருடைய குழு. அவர் மாற்றலாகிப் போகும் நாளில் குழுவும் போய்விடும்.

வட்டிக்காரரின் பிடி தளர்ந்தால் எதிர்ப்பு வரும். பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையின் ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தின் உதய்நகர் பகுதியில் பழங்குடி மக்களுக்கு வங்கிக் கடனும் அரசுத் திட்டங்களும் பெற வழி காட்டினார். அவர்கள் வட்டிக்காரர்களிடம் போவது குறைந்தது. 1995 பிப்ரவரி 25-ல், பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். அவருடைய குடும்பத்தார் கொலையாளியை மன்னித்தார்கள். 2017 நவம்பர் 4-ல் இந்தூரில் அவர் புனிதர் நிலைக்கு முந்தைய படியான அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டார்.

பிரேசிலின் அமேசான் பகுதியில் டாரதி ஸ்டாங்கின் வேலை இன்னும் நுட்பமானது. நோட்டர்டேம் தே நாமூர் சபையைச் சேர்ந்த இவர், அனாபு என்ற ஊரில் நிலமற்ற குடும்பங்களுக்காக ஒரு குடியேற்ற முறைக்குப் போராடினார்: குடும்பம் தன் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் திருத்திப் பயிரிடலாம், மீதி காடாகவே இருக்க வேண்டும். ஏழைக்கு நிலமும் வேண்டும், காடும் நிற்க வேண்டும் என்ற இரண்டையும் ஒரே ஏற்பாட்டில் முடிச்சுப் போட்டார். இது மரம் வெட்டுவோருக்கும் பெரும் பண்ணையாருக்கும் ஆகாது. 2005 பிப்ரவரி 12-ல், 73 வயதில், மண் பாதையில் சுடப்பட்டார். சுடுவதற்கு முன் ஆயுதம் இருக்கிறதா என்று கேட்டவர்களிடம், விவிலியத்தைத் திறந்து, ஏழைகளைப் பேறுபெற்றோர் என்று இயேசு சொன்ன மலைப்பொழிவு வரிகளை வாசித்தார்.

இப்படிப்பட்ட இடங்களில் இருக்கும் சகோதரிகளுக்குத் துணிச்சலைவிட ஒழுங்குதான் தேவை. மிரட்டல் வந்த தேதி, நேரம், சொன்ன சொல் எல்லாவற்றையும் எழுதி மூன்று இடத்தில் வைப்பது, தனியாகப் பயணிக்காதது, ஒரே வழியில் ஒரே நேரத்தில் போகாதது, ஆவணங்களின் நகல் வேறு ஊரில் இருப்பது. இவை எல்லாம் செய்தும் கொல்லப்படலாம். ஆனால் மக்களின் வழக்கு அவரோடு புதையாமல் இருக்கும்.

ஆள்கடத்தலில் வேலை வேறு மாதிரி. உலகச் சபைத் தலைவியர் ஒன்றியம் 2009-ல் தொடங்கிய வலையமைப்புக்குப் பெயர் தலித்தா கும். இறந்துபோன சிறுமியிடம் இயேசு சொன்ன சொல், ‘சிறுமியே, எழுந்திரு’. அனுப்பும் நாட்டிலும் போய்ச் சேரும் நாட்டிலும் சகோதரிகள் இருப்பது இவர்களின் பலம். மீட்கப்பட்ட பெண் திரும்பும்போது அந்த ஊரிலேயே ஒரு சகோதரி அவளுக்காகக் காத்திருக்க முடியும். அடைக்கல இல்லத்தின் முகவரி வெளியே தெரியக் கூடாது. முதல் நாட்களில் விசாரணை வேண்டாம். தூக்கம், சாப்பாடு, மருத்துவர் போதும். காவல்துறையில் புகார் கொடுப்பதா என்பது அவள் முடிவு. வீட்டுக்கு அனுப்புமுன் ஒன்றைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்: அவளை அனுப்பி வைத்தது யார்? பல நேரம் அது அவளுக்கு மிக வேண்டிய ஒருவராகவே இருக்கும். அவசரப்பட்டு ‘குடும்பத்தோடு சேர்த்து வைத்தோம்’ என்று எழுதிக்கொள்வது அவளை மறுபடி விற்பதற்குச் சமமாகிவிடலாம்.

பலருக்குத் தெரியாத ஒரு களம் நிறுவனங்களின் பங்குதாரர் கூட்டம். அமெரிக்காவில் சபைகளின் முதியோர் நிதி பெரும்பாலும் பங்குகளில் இருக்கிறது. பங்குதாரர் என்றால் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. 1971 முதல் பல சமயத்தாரும் சேர்ந்த ஒரு மையம் இதை ஒருங்கிணைக்கிறது. பங்குச்சந்தை ஆணையத்தின் 14ஏ-8 விதி 2020-ல் திருத்தப்பட்டது. அதன்படி 2,000 டாலர் மதிப்புள்ள பங்கைத் தொடர்ந்து 3 ஆண்டு, அல்லது 15,000 டாலருக்கு 2 ஆண்டு, அல்லது 25,000 டாலருக்கு 1 ஆண்டு வைத்திருப்பவர் ஒரு தீர்மானம் முன்மொழியலாம். அது 500 சொல்லுக்குள் இருக்க வேண்டும். முதல் முறை 5, இரண்டாம் முறை 15, அடுத்து 25 சதவீத வாக்கு கிடைத்தால்தான் அதே தீர்மானத்தை மீண்டும் கொண்டுவர முடியும். இந்தத் தீர்மானங்கள் பெரும்பாலும் நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் கூலி, சுற்றுச்சூழல், மருந்து விலை பற்றிய கேள்வி அச்சிட்டு எல்லாப் பங்குதாரருக்கும் போகிறது. வாக்கெடுப்புக்கு முன் நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கு வருவதே பல நேரம் உண்மையான வெற்றி. தோற்கும் காரணம் அநேகமாகச் சின்னது: இடையில் ஒரு முறை பங்கை விற்று வாங்கியிருப்பார்கள், தொடர்ச்சி அறுந்திருக்கும்.

தவறியவர்களிடமும் கற்க வேண்டும். சகோதரி ஹெலன் பிரெஜான் 1982-ல் அமெரிக்காவின் லூசியானாவில் மரண தண்டனைக் கைதி ஒருவருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். 1984 ஏப்ரலில் அந்தக் கைதிக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டபோது சாட்சியாக நின்றார். அந்த நாட்களில் கொலையுண்டவர்களின் குடும்பங்களைச் சந்திக்காமல் விலகி நின்றது தன் பெரிய தவறு என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். பிறகு அப்படிப்பட்ட குடும்பங்களுக்கென்று ஒரு துணைக் குழு தொடங்கினார். 2018-ல் திருச்சபையின் போதனைகளைத் தொகுத்துச் சொல்லும் மறைக்கல்வி நூலில் மரண தண்டனை ஏற்கத்தகாதது என்று திருத்தம் வந்தது. அதற்குப் பின்னால் பலருடைய நீண்ட உழைப்பு இருக்கிறது. அவருடையதும் அதில் ஒன்று.

அயர்லாந்தின் மகதலேன் சலவைக்கூடங்கள் இதைவிடக் கனமான பாடம். திருமணமாகாத தாய்மார், ஆதரவற்ற பெண்கள், நீதிமன்றம் அனுப்பியவர்கள் என்று 1922 முதல் ஏறத்தாழ 10,000 பேர் சகோதரிகள் நடத்திய கூடங்களில் கூலியில்லாமல் துணி துவைத்தார்கள். கடைசிக் கூடம் 1996-ல்தான் மூடப்பட்டது. 2013-ல் அரசு மன்னிப்புக் கேட்டது. அங்கே இருந்த சகோதரிகளும் காலையில் செபம் சொன்னவர்கள்தான். பூட்டிய கதவு, கூலி இல்லாத வேலை, வெளியாள் பார்வையிடாத நிர்வாகம், உள்ளே வந்தவளைப் பாவி என்று முன்பே தீர்மானித்த மனம்: இந்த நான்கும் சேர்ந்தால் எந்த இல்லமும் சிறையாகிவிடும். இன்று ஓர் இல்லத்தைப் பார்க்கப் போகிறவர் இந்த நான்கையும் விசாரிக்கலாம். தங்கியிருப்பவர் விரும்பினால் வெளியேற முடியுமா, செய்யும் வேலைக்குக் கூலி உண்டா, புகார் சொல்ல வெளியே ஒருவர் இருக்கிறாரா, அவளைப் பற்றிய பதிவேட்டை அவளே படிக்க முடியுமா?

செபத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன் என்றாலும் நாள் அதில்தான் தொடங்குகிறது: காலைப் புகழ்மாலை, தியானம், திருப்பலி, மாலையில் மறுபடி சேர்ந்து மாலைப் புகழ்மாலை. அதில் தினமும் மரியாவின் பாடல் வரும்: வலியோரை அரியணையினின்று இறக்கி, தாழ்ந்தோரை உயர்த்தும் கடவுளைப் பற்றிய பாடல். தினமும் இதைப் பாடுகிறவர் நிலமற்றவர் பக்கம் நிற்பதில் வியப்பு எதுவும் இல்லை. நடைமுறையிலும் இதற்குப் பயன் உண்டு. வேலை மிகுந்து, சேர்ந்து செபிப்பது முதலில் தள்ளிப்போகும், பிறகு சேர்ந்து சாப்பிடுவது, பிறகு பேசுவது. ஆறு மாதத்தில் அந்த இல்லம் நான்கு பேர் தங்கும் அலுவலகமாகியிருக்கும். முதலில் உடைபவர் அதிகம் உழைத்தவராகத்தான் இருப்பார். மாதம் ஒரு நாள் மௌனமும் ஆண்டுக்கொரு முறை எட்டு நாள் தியானமும் வைத்திருப்பது இதனால்தான்.

ஆள் குறையும் சபைகள் இப்போது படிக்க வேண்டியது, பணியை உள்ளூர் மக்களிடம் விட்டுக் கொடுக்கும் முறை. மூடப்போகும் ஆண்டில் தொடங்கினால் காலம் போதாது. ஐந்து ஆண்டு முன்பே தொடங்க வேண்டும். முதலில் கணக்கு எழுதுவதை உள்ளூர்க் குழுவிடம் கொடுப்பது, பிறகு கையெழுத்து அதிகாரம், பிறகு ஆட்களை நியமிக்கும் உரிமை, கடைசியில் நிலப் பத்திரம். பல சபைகள் இந்த வரிசையில் முதலிரண்டைக் கொடுத்துவிட்டுப் பத்திரத்தில் வந்து நின்றுவிடுகின்றன. சபைச் சொத்தைக் கைமாற்றத் தலைவியின் எழுத்துபூர்வ அனுமதியும், குறிப்பிட்ட மதிப்பைத் தாண்டினால் உரோமையின் அனுமதியும் வேண்டும் என்பதால், அந்த விண்ணப்பத்தை முதல் ஆண்டிலேயே அனுப்பிவிடுவது நல்லது.